லேப்டாப் திரையில் நிறம் பிசகுகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

லேப்டாப்பில் நிறம் சரியில்லை என்றதும் பலர் கேட்கும் முதல் கேள்வி, திரையின் நிறத்தை அளந்து திருத்தும் எந்தக் கேலிபரேஷன் கருவி வாங்கலாம் என்பது. கருவி கடைசியில் வர வேண்டியது. ஒரு படம் கோப்பிலிருந்து கண்ணுக்கு வந்து சேர்வதற்குள் ஆறு இடங்களில் அதன் நிறம் மாற வாய்ப்பிருக்கிறது: கோப்பில் பதிந்திருக்கும் ப்ரொஃபைல் (நிற எண்களுக்கு என்ன பொருள் என்று சொல்லும் குறிப்பு), கோப்பைத் திறக்கும் செயலி, விண்டோஸில் பதிவாகியிருக்கும் திரை ப்ரொஃபைல், கிராஃபிக்ஸ் சிப்பில் ஏறும் திருத்த வளைகோடு, பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தானாக இயங்கும் வசதிகள், கடைசியாகப் பேனல். பிசகு எங்கே என்று தெரியாமல் கருவியை வைத்து அளந்தால், அந்தப் பிசகையும் சேர்த்தே அளந்து நிரந்தரமாக்கிவிடுவோம்.

கேலிபரேஷன் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, வெள்ளையையும் சாம்பல் படிகளையும் நடுநிலைக்குக் கொண்டுவரும் வளைகோடு. இது கிராஃபிக்ஸ் சிப்பில் ஏறிவிடும். டெஸ்க்டாப், வீடியோ, கேம் எல்லாவற்றையும் பாதிக்கும். மற்றொன்று, இந்தத் திரையின் சிவப்பும் பச்சையும் நீலமும் எவ்வளவு அடர்த்தியானவை என்று விவரிக்கும் ஐசிசி ப்ரொஃபைல். அதைப் படித்து நிறத்தை மாற்றிக் காட்டுவது ஃபோட்டோஷாப், லைட்ரூம், ஜிம்ப் போல நிற மேலாண்மை தெரிந்த செயலிகள் மட்டும்தான். கீழே வரும் கோளாறுகளில் பல, இந்த இரண்டில் ஒன்று வேலை செய்து மற்றது செய்யாததால் வருபவை.

விண்டோஸில் பிழை எந்தப் பக்கம் என்று பிரிக்க ஒரு எளிய சோதனை உண்டு. நிறம் தப்பாகத் தெரியும்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நல்ல திரையுள்ள ஃபோனுக்கு அனுப்பிப் பாருங்கள். ஃபோனிலும் அதே மஞ்சளோ நீலமோ அடித்தால் கோளாறு கோப்பில், செயலியில் அல்லது ப்ரொஃபைலில் இருக்கிறது. ஃபோனில் வெள்ளை வெள்ளையாகவே தெரிந்தால் வளைகோடு, தானியங்கி வசதிகள், பேனல் என்று கீழே தேடுங்கள். வளைகோடும் நைட் லைட்டும் ஸ்க்ரீன்ஷாட்டில் பதிவாவதில்லை என்பதால்தான் இந்தச் சோதனை வேலை செய்கிறது. ஹெச்டிஆர் (வெளிச்ச வீச்சைக் கூட்டிக் காட்டும் முறை) ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் இதை நம்ப வேண்டாம்.

முதலில் அணைக்க வேண்டியவை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இவற்றை அணைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்புகளில் நைட் லைட், ஹெச்டிஆர், சுற்றுப்புற வெளிச்சத்துக்கு ஏற்பப் பிரைட்னஸை மாற்றும் வசதி, திரையில் ஓடும் படத்துக்கு ஏற்ப மாற்றும் வசதி. இன்டெல் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டரில் 'பவர்' பகுதியில் இருக்கும் 'டிஸ்ப்ளே பவர் சேவிங்ஸ்'. ஏஎம்டி என்றால் அதன் சாஃப்ட்வேரில் 'வேரி-பிரைட்'. லேப்டாப் நிறுவனம் தந்திருக்கும் செயலியில் விவிட், சினிமா, ஐ கேர் என்ற பெயர்களில் இருக்கும் முறைகள். மேக்புக்கில் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட், தானியங்கிப் பிரைட்னஸ்.

இன்னும் இரண்டு விஷயங்கள் பலருக்குத் தோன்றுவதில்லை. திரைமேல் ஒட்டியிருக்கும் ப்ளூ கட் ஸ்க்ரீன் கார்டு வெள்ளையை மஞ்சளாக்கும். அதை எடுத்துவிடுங்கள், அல்லது அது இருக்கும்போதே அளந்து அப்படியே விட்டுவிடுங்கள். மூக்குக் கண்ணாடியில் ப்ளூ கட் கோட்டிங் இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். நிறத்திருத்தம் தொழிலாக இருப்பவர்கள் அந்தக் கோட்டிங் இல்லாத லென்ஸ் போட்டுக்கொள்வது நல்லது.

"கருப்பான படத்தைத் திறந்தால் திரை மெல்ல மங்குகிறது"

பேனலில் கோளாறு இல்லை. திரையில் இருள் அதிகமானால் பின்விளக்கைக் குறைத்து, அதை ஈடுகட்ட நிற மதிப்புகளை ஏற்றிவிடும் மின்சேமிப்பு வசதி வேலை செய்கிறது. மேலே சொன்ன இன்டெல், ஏஎம்டி அமைப்புகளும் விண்டோஸின் படத்துக்கேற்ற பிரைட்னஸும்தான் காரணம். சார்ஜர் செருகியிருக்கும்போது இல்லாமல் பேட்டரியில் மட்டும் வந்தால் நூற்றுக்கு நூறு இதுதான். இதை அணைக்காமல் கேலிபரேஷன் ஓட்டினால், கருவி காட்டும் கருப்புக் கட்டத்துக்கு ஒரு பின்விளக்கு, வெள்ளைக் கட்டத்துக்கு வேறு பின்விளக்கு என்று ஆகி, வளைகோடு முழுவதும் பிசகும்.

"எதைத் திறந்தாலும் வெள்ளை நீலமாக அடிக்கிறது"

விலை குறைந்த பேனல்கள் பலவற்றில் வெள்ளை 7000 கெல்வினுக்கு மேல் இருக்கும். வெள்ளை எல்இடி விளக்கு என்பது நீல எல்இடியின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. நீலம் சற்றுத் தூக்கலாக இருந்தால் திரை பளிச்சென்று தெரியும் என்பதால் அப்படியே விட்டுவிடுவார்கள். நமக்கு வேண்டிய வெள்ளை டி65, அதாவது சுமார் 6500 கெல்வின். இணையப் படங்களும் சாதாரணத் திரைகளும் பின்பற்றும் நிறத் தரமான எஸ்ஆர்ஜிபியும் அதைத்தான் கேட்கிறது.

தனி மானிட்டரில் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கப் பொத்தான்கள் உண்டு. லேப்டாப்பில் இருப்பது பிரைட்னஸ் மட்டும். ஆகவே வெள்ளையைத் திருத்தும் வேலை முழுவதும் வளைகோட்டின் தலையில் விழுகிறது. நீலம் 255இலிருந்து 230க்கு இறங்கினால், நீலத்தில் 256 படிகளில் 25 படிகள் கையைவிட்டுப் போய்விட்டன என்று பொருள். திரை 6900, 7000 கெல்வினில் இருந்தால் 6500க்கு இழுப்பதில் பெரிய நஷ்டமில்லை. 8000ஐத் தொடும் திரையை இழுத்தால் சாம்பல் படிகள் உடைந்து பட்டை பட்டையாகத் தெரியும். அப்படிப்பட்ட திரையில் வெள்ளைப்புள்ளியை 'அளந்தபடியே' என்று விட்டுவிட்டுக் காமாவையும் (கருப்பிலிருந்து வெள்ளை வரை வெளிச்சம் ஏறும் விதம்) சாம்பல் நடுநிலையையும் மட்டும் திருத்துவதே சரி என்பது எங்கள் முடிவு. பக்கத்தில் வேறு திரை இல்லாதபோது கண் சில நிமிடங்களில் அந்த வெள்ளைக்குப் பழகிவிடும். உடைந்த படிகளுக்குக் கண் பழகாது.

விண்டோஸோடு வரும் 'டிஸ்ப்ளே கலர் கேலிபரேஷன்' காமாவை ஓரளவு சரிசெய்ய உதவும். வெள்ளையைக் கண்ணால் ஒத்துப்பார்த்து நகர்த்தும் வேலைக்கு அதை நம்ப வேண்டாம். வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடச் சொல்பவர்கள், அந்தத் தாளின் வெள்ளை அறையின் பல்பைப் பொறுத்து 3000 கெல்வினிலும் இருக்கலாம், 6500லும் இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கருவியை வைத்து ஓட்டும் முறை இது:

1. லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, ஸ்லீப் ஆகாதபடி வைத்து, 30 நிமிடம் திரையைச் சூடேற விடுங்கள். ஈரம் கலந்த மைக்ரோஃபைபர் துணியால் திரையைத் துடைத்துக் காயவிடுங்கள்.
2. மூடியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பின்னால் சாயுங்கள். கருவி தன் எடையிலேயே பேனல்மேல் படுக்க வேண்டும். கையால் அழுத்திப் பிடித்தால் அந்த இடத்தில் நிறம் மாறும். இடைவெளி இருந்தால் அறை வெளிச்சம் உள்ளே புகும். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள்.
3. கருவியின் சொந்தச் செயலியைவிட, ஆர்கில் சிஎம்எஸ் என்ற அளவீட்டு மென்பொருளின்மேல் இயங்கும் இலவச டிஸ்ப்ளேகேல் கூடுதல் கட்டுப்பாடு தரும். எக்ஸ்-ரைட், இப்போது கேலிப்ரைட் பெயரில் வரும் கருவிகள், டேட்டாகலரின் ஸ்பைடர் வரிசை என்று பலவும் இதில் இயங்கும்.
4. இலக்குகள்: வெள்ளைப்புள்ளி 6500 கெல்வின் அல்லது அளந்தபடியே, காமா 2.2, வெளிச்சம் 100 முதல் 120 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு), கருப்பு அளவு அளந்தபடியே.
5. வெளிச்சத்தைச் செயலியில் குறைக்காதீர்கள். செயலி காட்டும் நிட் எண்ணைப் பார்த்துக்கொண்டே கீபோர்டின் பிரைட்னஸ் பொத்தானால் கொண்டுவாருங்கள். அந்தச் சதவீதத்தைக் குறித்து வையுங்கள். இனி நிறத்திருத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் பிரைட்னஸ் அதே இடத்தில் இருக்க வேண்டும்.
6. ப்ரொஃபைல் வகை 'ஒற்றை வளைகோடு, மேட்ரிக்ஸ்', பதிப்பு 2. பெரிய அட்டவணை வகை ப்ரொஃபைல் தாளில் துல்லியமானது. ஆனால் சில பிரவுசர்களும் படம் பார்க்கும் செயலிகளும் அதைத் தப்பாகப் படித்து நிழல் பகுதியில் பச்சையோ சிவப்போ காட்டும்.
7. முடிந்ததும் சரிபார்ப்பு ஓட்டுங்கள். சராசரி டெல்டா ஈ (கேட்ட நிறத்துக்கும் திரை காட்டிய நிறத்துக்கும் உள்ள வேறுபாடு) 1.5க்குள்ளும், அதிகபட்சம் 4க்குள்ளும் இருந்தால் லேப்டாப் திரைக்கு அது நல்ல முடிவு.

"ஃபோட்டோஷாப்பில் மட்டும் வெள்ளை மஞ்சளாகத் தெரிகிறது"

டெஸ்க்டாப்பில் வெள்ளை சரியாக இருக்கிறது, பிரவுசரில் பாதி சரியாக இருக்கிறது, ஃபோட்டோஷாப்பிலோ விண்டோஸ் ஃபோட்டோ வியூவரிலோ படத்தைத் திறந்தால் பின்னணியே பழுப்பேறித் தெரிகிறது. ஸ்க்ரீன்ஷாட்டிலும் அந்த மஞ்சள் வரும். லேப்டாப் நிறுவனமோ விண்டோஸ் அப்டேட்டோ கொண்டுவந்து நிறுவிய பழுதான திரை ப்ரொஃபைல்தான் இதற்கு வழக்கமான காரணம். செயலி அந்த ப்ரொஃபைலை நம்பி, இல்லாத நீலத்தைக் கழிக்கிறது.

ஸ்டார்ட் மெனுவில் 'கலர் மேனேஜ்மெண்ட்' என்று தேடித் திறங்கள். 'டிவைசஸ்' தாவலில் உங்கள் திரையைத் தேர்ந்தெடுத்து, 'யூஸ் மை செட்டிங்ஸ் ஃபார் திஸ் டிவைஸ்' கட்டத்தில் டிக் போடுங்கள். பட்டியலில் இருக்கும் ப்ரொஃபைலை 'ரிமூவ்' செய்யுங்கள். 'ஆட்' அழுத்தி எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலைச் சேர்த்து, 'செட் ஆஸ் டிஃபால்ட்' கொடுங்கள். ஃபோட்டோஷாப்பை முழுக்க மூடித் திறக்க வேண்டும். திரை ப்ரொஃபைலை அது தொடங்கும்போதே படித்துவிடும். மஞ்சள் போய்விட்டால் காரணம் உறுதி. இது தற்காலிக வைத்தியம். உங்கள் திரையை அளந்து எடுத்த ப்ரொஃபைலை அதன் இடத்தில் வைப்பதே தீர்வு.

இன்னொருவர் அதே மாடல் லேப்டாப்பில் எடுத்த ப்ரொஃபைலை இணையத்திலிருந்து இறக்கிப் போடுவது இதற்கு மாற்றல்ல. ஒரே மாடலில் இரண்டு மூன்று கம்பெனிப் பேனல்கள் வருவது சகஜம்.

"கேலிபரேஷன் செய்தேன், ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் பழைய நிறம் வந்துவிடுகிறது"

வளைகோடு கிராஃபிக்ஸ் சிப்பின் நினைவில் தற்காலிகமாக ஏறுவது. ஸ்லீப், முழுத்திரை கேம், டிரைவர் அப்டேட், வெளி மானிட்டர் செருகுவது, நைட் லைட் இயங்கி அணைவது என எதுவும் அதைத் துடைத்துவிடக்கூடும். மறுபடி ஏற்றிவைக்க ஓர் ஏற்றி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் ஒன்றே ஒன்று. ஸ்பைடரின் ஏற்றி, டிஸ்ப்ளேகேலின் ஏற்றி, விண்டோஸின் சொந்த ஏற்றி மூன்றும் சேர்ந்து ஓடினால் எது கடைசியில் எழுதியதோ அதுதான் நிற்கும்.

டிஸ்ப்ளேகேல் வைத்திருப்பவர்கள் அதன் ப்ரொஃபைல் லோடரை விண்டோஸ் தொடங்கும்போதே இயங்கவிட்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள். தனிச் செயலி எதுவும் வேண்டாம் என்றால் கலர் மேனேஜ்மெண்ட்டில் 'அட்வான்ஸ்டு' தாவல், 'சேஞ்ச் சிஸ்டம் டிஃபால்ட்ஸ்', அதில் மறுபடி 'அட்வான்ஸ்டு' என்று போய் 'யூஸ் விண்டோஸ் டிஸ்ப்ளே கேலிபரேஷன்' கட்டத்தை டிக் செய்யுங்கள். இதற்கு அட்மின் அனுமதி வேண்டும்.

வளைகோடு ஏறியிருக்கிறதா என்று கண்ணால் தெரிந்துகொள்ள, திரை முழுக்க நடுச் சாம்பலை வைத்துவிட்டு லோடரில் வளைகோட்டை ரீசெட் செய்யுங்கள். சாம்பலின் சாயல் சட்டென்று மாறினால் அதுவரை ஏறியிருந்தது. மாறாவிட்டால் ஏறவே இல்லை.

"ஒரே படம் ஒரு செயலியில் அடிக்கிற சிவப்பு, இன்னொன்றில் சாதாரணம்"

ஓலெட் லேப்டாப்களிலும் எஸ்ஆர்ஜிபியைவிட அகலமான டிசிஐ-பி3 நிறப்பரப்பைக் காட்டும் ஐபிஎஸ் பேனல்களிலும் இது வரும். திருமண ஆல்பம் செய்பவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்: லைட்ரூமில் அரக்காக இருக்கும் பட்டுப் புடவை, ஃபோல்டரில் சாதாரண வியூவரில் திறந்தால் குங்குமச் சிவப்பாக எரியும், மணப்பெண்ணின் முகத்தில் ஆரஞ்சு ஏறும். எஸ்ஆர்ஜிபிக்காக எழுதப்பட்ட எண்களை, அதைவிட அடர்த்தியான சிவப்பு உள்ள திரைக்கு அந்த வியூவர் அப்படியே அனுப்புகிறது. லைட்ரூம் காட்டுவதுதான் சரி. வியூவரைப் பார்த்து சாச்சுரேஷனைக் குறைத்தால், அச்சிலும் மற்றவர்கள் ஃபோனிலும் படம் சோகை பிடித்துப்போகும்.

மூன்று வழிகள் இருக்கின்றன. லேப்டாப் நிறுவனத்தின் செயலியில் எஸ்ஆர்ஜிபி முறை இருந்தால், இணையத்துக்கும் சாதாரண ஃபோட்டோ லேப் பிரிண்டுக்கும் மட்டும் வேலை செய்பவர்கள் அதில் போட்டுவிட்டு, அந்த முறையிலேயே கேலிபரேஷன் ஓட்டுவது ரொம்ப நிம்மதியான வழி. முழுப் பரப்பும் வேண்டும் என்பவர்கள் திரையை நேட்டிவ் (எந்த முறையும் போடாத) நிலையில் வைத்து அளந்து, நிற மேலாண்மை தெரிந்த செயலிகளை மட்டும் பயன்படுத்த வேண்டும். மூன்றாவது விண்டோஸ் 11இன் டிஸ்ப்ளே அமைப்புகளில் ஆதரவுள்ள திரைகளுக்கு வரும், செயலிகளின் நிறத்தைத் தானாக நிர்வகிக்கும் வசதி. இது இயங்கும்போது கருவியால் எடுத்த சாதாரண ஐசிசி ப்ரொஃபைல் எதிர்பார்த்தபடி வேலை செய்யாது. இதுவா, உங்கள் ப்ரொஃபைலா என்று ஒன்றை முடிவுசெய்யுங்கள்.

பிரவுசர்களில் குரோம், ப்ரொஃபைல் இல்லாத படத்தை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு மாற்றிக் காட்டும். ஃபயர்பாக்ஸ் இயல்பாக ப்ரொஃபைல் உள்ள படங்களை மட்டுமே மாற்றும். அதன் கன்ஃபிக் பக்கத்தில் கலர் மேனேஜ்மெண்ட் மோட் என்ற அமைப்பைத் தேடி, 2 என்பதை 1 ஆக்கினால் எல்லாவற்றையும் மாற்றிக் காட்டும்.

கோப்பின் பக்கமும் பாருங்கள். எஸ்ஆர்ஜிபியைவிட அகலமான அடோப் ஆர்ஜிபியில் ஏற்றுமதி செய்து ப்ரொஃபைலைப் பதிக்காமல் விட்டால் படம் எங்கும் வெளிறித்தான் தெரியும். ஃபோட்டோஷாப்பில் 'கன்வெர்ட் டு ப்ரொஃபைல்' நிறத்தை அப்படியே வைத்துக்கொண்டு எண்களை மாற்றும். 'அசைன் ப்ரொஃபைல்' எண்களை வைத்துக்கொண்டு நிறத்தை மாற்றும். வாட்ஸ்அப்பில் அனுப்பவோ லேபுக்குக் கொடுக்கவோ முன்னதைப் பயன்படுத்தி எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, ப்ரொஃபைலையும் பதித்து அனுப்புங்கள்.

"எவ்வளவு திருத்தினாலும் சிவப்பு ஆரஞ்சாகவே இருக்கிறது"

விவரப்பட்டியலில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். என்டிஎஸ்சி என்பது பேனலின் நிறப்பரப்பை ஒப்பிட உதவும் பழைய டிவி தரம். 45 என்றால் எஸ்ஆர்ஜிபியில் சுமார் 60, 65 சதவீதம் மட்டுமே காட்டக்கூடிய பேனல். 72 சதவீதம் என்டிஎஸ்சி என்றால் ஏறத்தாழ முழு எஸ்ஆர்ஜிபி. கேலிபரேஷன் நிறத்தைக் குறைக்க முடியும். பேனலில் இல்லாத சிவப்பை உண்டாக்க முடியாது. கருவி ஓட்டி முடித்ததும் வரும் எஸ்ஆர்ஜிபி பரப்பு விகிதம் 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், புடவை, பூ, நகை போன்ற அடர்நிற வேலைக்கு அந்தத் திரையை நம்பாதீர்கள். வெளிச்சம், கான்ட்ராஸ்ட், தோலின் நடுத்தர நிறங்கள், லேஅவுட் ஆகியவற்றுக்கு அது போதும். நிறம் முக்கியமான வேலைக்கு நல்ல எஸ்ஆர்ஜிபி மானிட்டர் ஒன்றைச் செருகுவதுதான் வழி.

"தலையைச் சற்று அசைத்தால் நிறம் மாறுகிறது"

இது டிஎன் என்ற வகைப் பேனல். மேலிருந்து பார்த்தால் வெளுக்கும், கீழிருந்து பார்த்தால் கருக்கும். திரையின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்குமே கோணம் வேறு என்பதால் ஒரே சாம்பல் இரண்டு விதமாகத் தெரியும். காமாவை இதில் நிலைநிறுத்தவே முடியாது. பல மாடல்களில் பேனலை, கோணத்துக்கு ஏற்ப நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகைக்கு மாற்ற முடியும். வாங்குமுன் பேனலின் பின்புறமுள்ள மாடல் எண், கனெக்டரின் 30 அல்லது 40 பின் கணக்கு, ஸ்க்ரூ பிடிக்கும் காதுகள் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

"வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு, சாம்பலில் இளஞ்சிவப்பும் பச்சையும் மாறி மாறி"

0இலிருந்து 255 வரை மெல்ல ஏறும் சாம்பல் பட்டையைத் திறந்து, லோடரில் வளைகோட்டை ரீசெட் செய்யுங்கள். பட்டைகள் மறைந்தால் வளைகோடு அளவுக்கு மீறி வேலை செய்கிறது. வெள்ளைப்புள்ளியை அளந்தபடியே விட்டு மறுபடி ஓட்டுங்கள். ரீசெட் செய்தும் பட்டை இருந்தால் அது பேனலின் குணம். பல லேப்டாப் பேனல்கள் நிறத்துக்கு 64 படிகள் மட்டும் உள்ள 6 பிட் பேனல்கள். பக்கத்துப் படிகளை வேகமாக மாற்றிமாற்றிக் காட்டித்தான் 256 ஆக்குகின்றன. சாயல் மட்டும் மாறி மாறி வந்தால் அளவீட்டு வேகத்தை 'மெதுவாக' என்று வைத்து ஓட்டுங்கள். இருண்ட கட்டங்களில் கருவிக்குக் கிடைக்கும் ஒளி மிகக் குறைவு. அவசரப்பட்டு அளந்தால் அங்கேதான் சறுக்கும்.

கருவி இல்லாமல் காமாவை மட்டும் சோதிக்க ஜிம்ப் போதும். 2க்கு 2 பிக்ஸலில் புதிய படம் திறந்து, மேல் வரிசையைக் கருப்பாகவும் கீழ் வரிசையை வெள்ளையாகவும் ஆக்கி, முழுவதையும் காப்பி செய்யுங்கள். 800க்கு 800 படம் ஒன்றில் பேட்டர்ன் நிரப்பலில் கிளிப்போர்டைத் தேர்ந்தெடுத்து ஊற்றினால் மெல்லிய கோடுகள் நிரம்பும். நடுவில் மூன்று நிறத்துக்கும் 186 என்ற மதிப்புள்ள சாம்பல் சதுரம் ஒன்று போடுங்கள். 'வியூ' மெனுவில் நிற மேலாண்மையை அணைத்து, 100 சதவீத ஜூமில் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். சதுரம் கோடுகளோடு கரைந்தால் காமா 2.2. சதுரம் இருண்டு தெரிந்தால் காமா அதைவிட அதிகம், வெளுத்துத் தெரிந்தால் குறைவு. கோடுகளில் அலை அலையாகப் பட்டை வந்தால் விண்டோஸின் 125 சதவீத ஸ்கேலிங் குறுக்கிடுகிறது. 100க்கு மாற்றிப் பாருங்கள்.

"திரையில் பளிச்சென்று இருந்தது, பிரிண்ட் இருட்டாக வந்திருக்கிறது"

லேபில் சண்டை போடுமுன் பிரைட்னஸைப் பாருங்கள். இந்தப் புகாரில் நிறத்துக்குப் பங்கு குறைவு, வெளிச்சத்துக்கே பங்கு அதிகம். முழுப் பிரைட்னஸில் லேப்டாப் திரை 250 முதல் 400 நிட் வரை வெளிச்சம் தரும். 300 லக்ஸ் வெளிச்சமுள்ள அறையில் வெள்ளைத் தாள் திருப்பித் தருவது ஏறத்தாழ 85 நிட்தான். மூன்று நான்கு மடங்கு வெளிச்சமான திரையைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கி வைத்தால், தாளில் இருட்டாகத்தான் வரும். அச்சுத் துறையில் நடைமுறையில் பிரிண்டைப் பார்க்க ஐஎஸ்ஓ 3664 தரம் சொல்லும் 500 லக்ஸிலேயே தாள் தருவது ஏறத்தாழ 145 நிட்தான். வீட்டு அறை, சிறிய ஸ்டுடியோ என்றால் 100 முதல் 120 நிட் என்ற இலக்கு இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

கருவி இல்லாதவர்கள் கேமராவையே மீட்டராக்கலாம். திரை முழுக்க வெள்ளையை வைத்து, கேமராவில் ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப்/5.6, எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் 0 என்று வைத்து, ஃபிரேம் முழுவதும் வெள்ளை நிரம்பும்படி ஃபோகஸ் இல்லாமல் காட்டுங்கள். மீட்டர் 1/30 நொடி காட்டும் வரை லேப்டாப் பிரைட்னஸை மாற்றுங்கள். அது ஏறத்தாழ 120 நிட். 1/20 காட்டினால் 80 நிட். கேமரா மீட்டரில் மூன்றில் ஒரு ஸ்டாப் முன்பின் இருக்கும். கண்ணால் குத்துமதிப்பாக வைப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

வெளிச்சம் சரியான பிறகும் வேறுபாடு இருந்தால் லேபிடம் அவர்களுடைய பேப்பருக்கான ஐசிசி ப்ரொஃபைலைக் கேட்டு வாங்குங்கள். ஃபோட்டோஷாப்பில் 'வியூ', 'ப்ரூஃப் செட்டப்', 'கஸ்டம்' போய் அதைப் போட்டால் மயில்கழுத்து நீலமும் அடர் பச்சையும் எவ்வளவு மங்கும் என்று முன்னதாகவே தெரியும். சிவகாசி ஆஃப்செட் வேலைக்கு சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை) ப்ரொஃபைல் எது என்று அச்சகத்தில் கேட்காமல், செயலியில் இயல்பாக இருப்பதை வைத்து மாற்றாதீர்கள். அச்சு ஒளி 5000 கெல்வின் என்பதற்காக லேப்டாப் வெள்ளையையும் 5000க்கு இழுக்க வேண்டாம். நீலத்தில் மிஞ்சும் படிகள் போதாது.

"கருவி வைத்து ஓட்டிய பிறகுதான் திரை பச்சையாக மாறியது"

இந்தக் கருவி, அதாவது கலரிமீட்டர், நிறத்தைப் பார்ப்பது தன் வடிகட்டிகள் வழியாக. அவை மனிதக் கண்ணோடு முழுக்க ஒத்துப்போவதில்லை. பின்விளக்கு எந்த வகை என்று சொன்னால்தான் அந்த வேறுபாட்டைச் செயலி ஈடுகட்டும். டிஸ்ப்ளேகேலில் 'கரெக்‌ஷன்' பட்டியலில் சாதாரண எஸ்ஆர்ஜிபி லேப்டாப்புக்கு வெள்ளை எல்இடி, பி3 பேனலுக்குப் பிஎஃப்எஸ் பாஸ்பர், ஓலெட்டுக்கு ஓலெட் என்று தேர்ந்தெடுங்கள். பி3 திரையை வெள்ளை எல்இடி என்று சொல்லி அளந்தால் வெள்ளை பச்சைக்கோ இளஞ்சிவப்புக்கோ சாயும். ஓலெட் குறைந்த பிரைட்னஸில் துடித்து எரிவதால் அளவீட்டு முறையையும் எல்சிடியிலிருந்து 'ரெஃப்ரெஷ்' வகைக்கு மாற்றுங்கள். எல்லாம் சரியாக வைத்தும் பிசகினால், கருவியின் வயதைப் பாருங்கள். பழைய கருவிகள் சிலவற்றின் வடிகட்டிகள் நாளடைவில் வெளுத்துவிடும்.

"வெளி மானிட்டரும் லேப்டாப்பும் ஒத்துப்போகவில்லை"

இரண்டுக்கும் தனித்தனி ப்ரொஃபைல் வேண்டும். கலர் மேனேஜ்மெண்ட்டில் 'ஐடென்டிஃபை மானிட்டர்ஸ்' அழுத்தி, 1 எது 2 எது என்று பார்த்துவிட்டுத்தான் ப்ரொஃபைலைப் போடுங்கள். இடம் மாறிப் போடுவது அடிக்கடி நடக்கிறது. ஹெச்டிஎம்ஐயில் இணைத்த திரையில் கருப்பு சாம்பலாக வெளுத்திருந்தால், கிராஃபிக்ஸ் டிரைவரில் வெளியீட்டு அளவு 'லிமிடெட்' என்று இருக்கும், 'ஃபுல்' ஆக்குங்கள். இரண்டையும் ஒரே 6500 கெல்வின், ஒரே 120 நிட்டுக்குக் கொண்டுவந்தும் வெள்ளையில் சிறு வேறுபாடு தெரியலாம். பின்விளக்குகள் வெவ்வேறு என்றால் கருவி ஒன்றென்று சொல்வதைக் கண் இரண்டாகப் பார்க்கும். அப்போது நல்ல திரை எதுவோ அதைக் கருவி சொன்னபடி விட்டுவிட்டு, மற்றதன் வெள்ளைப்புள்ளியைக் கண்ணுக்குப் பொருந்தும் வரை நகர்த்தி, அந்த இலக்குக்கே மறுபடி ஓட்டுங்கள்.

நிறமே தொழிலாக இருப்பவர்கள் மாதம் ஒருமுறையும், மற்றவர்கள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் அளந்தால் போதும். சர்வீஸில் பேனல் மாற்றியிருந்தாலும், விண்டோஸைப் புதிதாக நிறுவியிருந்தாலும் காத்திருக்க வேண்டாம்: பழைய ப்ரொஃபைலைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, அணைக்க வேண்டியவற்றை மறுபடி அணைத்து, அன்றைக்கே அளந்துவிடுங்கள்.